எஸ்தேலின் குட்டை

புதுச்சேரி ஸ்டேஷனில் இறங்கியதும் என் காதில் விழுந்த முதல் கேள்வி, "நீ மீன் சாப்புடுவே இல்ல தங்கச்சி?" என்பதுதான். கேட்டவர் அந்துவான் அண்ணன், என் கல்லூரித் தோழி எஸ்தேலின் தமையன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்ச் சமையல்காரராக இருந்துவிட்டுத் திரும்பியவர். இவரைப் போன்றவர்களை அந்த ஊரில் சொல்தா என்கிறார்கள்.

"இல்லண்ணா, நான் சைவம்" என்றேன்.

"மீன் கூடவா?"

"மீன் கூடத்தான்."

அவர் முகம் வாடிவிட்டது. தங்கை பிழைக்கமாட்டாள் என்று தந்தி கொடுத்து என்னை வரவழைத்தவர், என் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காலையில் வாங்கிவைத்த வஞ்சிரத்தை என்ன செய்வது என்ற கவலையோடு முன்னால் நடந்தார். பெரிய துக்கத்தை நேராகப் பார்க்க முடியாதவர்கள் இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். பின்னால் நானும் அதைத்தான் செய்தேன்.

அது பொங்கல் முடிந்த சமயம். வெள்ளைக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் எங்கள் திருச்சியில் புதுச்சேரிக்குப் போவதென்றால் சீமைக்குப் போவது மாதிரிதான். "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?" என்று என் கணவர் பாதி விளையாட்டாகக் கேட்டிருந்தார். ரிக்‌ஷாவுக்கு அங்கே புஷ்புஷ் என்று பெயர். முன்பெல்லாம் வண்டியைப் பின்னாலிருந்து ஆள் தள்ள, உள்ளே உட்கார்ந்திருப்பவரே கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டுமாம். "அந்தக் காலத்துல நீ வந்திருந்தா நேரா சமுத்திரத்துக்குள்ள வுட்டிருப்பே" என்றார் அண்ணன். தெருக்கள் அப்படித்தான் இருந்தன. ரூல்தடி வைத்துக் கோடு போட்டாற்போல ஒவ்வொன்றும் நேராகப் போய்க் கடலில் முடிந்தது. நடுவே ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரு பெரிய வாய்க்கால். அதைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டேன். கொசு மேகமாக எழுந்தது.

எஸ்தேல் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். கல்லூரி நாட்களில் ஹாஸ்டல் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுபவள். இப்போது போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி தைத்து அனுப்பிவிட்டார்கள்.

"வந்துட்டியாடி சிவகாமி? நாளைக்கே கிளாஸுக்குப் போயிடு. பிள்ளைங்க சும்மா ஒக்காந்திருக்காங்க."

"முதல்ல உன்னைப் பார்க்கறேன்."

"என்னைப் பாக்க என்னா இருக்குது? பரீட்சை வருது."

பெண்கள் பள்ளி ஒன்றில் அவள் இயற்கைப் பாடம் நடத்திவந்தாள். முன்பு பிரெஞ்சில் நடத்தியதை இப்போது தமிழில் நடத்த வேண்டும். அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. திருச்சியில் ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் எனக்கு ஒரு மாத விடுப்பு கிடைத்தது. அவ்வளவுதான் நான் வந்த காரியம்.

அன்று இரவு அந்துவான் அண்ணன் எனக்கென்று பீட்ரூட் சூப் வைத்தார். கூடவே முழங்கை நீளத்தில் ரொட்டி. மேலே பாறை மாதிரி, உள்ளே பஞ்சு மாதிரி. நான் இட்லியைப் பிய்ப்பதுபோலப் பிய்க்கப் பார்த்துத் தோற்றேன். உள்ளறையிலிருந்து எஸ்தேல் சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரிப்பு வலியாக மாற அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். மாணவிகள் எஸ்தேலை மத்மசேல் என்றே சொன்னார்கள். கல்யாணமாகாத ஆசிரியையை அப்படி அழைப்பது அங்கே பழக்கம். நான் டீச்சர் ஆனேன். புத்தகத்தைத் திறக்கச் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் பெஞ்சில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒரு பெண் எழுந்தாள். பெயர் தனம்.

"டீச்சர், மத்மசேல் புக்கு தொறக்க மாட்டாங்க. குட்டைக்குத்தான் இட்டுக்கினு போவாங்க."

பள்ளிக்குப் பின்னால் பழைய தோட்டம் ஒன்று இருந்தது. அதன் மூலையில் குட்டை. ஒரு மாட்டுவண்டி திரும்பும் அளவுதான். கரையில் நாணல், நடுவே அல்லி. பெண்கள் மாவு சலிக்கும் சல்லடையையும் வெள்ளைப் பீங்கான் தட்டுகளையும் கொண்டுவந்தார்கள். ஒரு முறை அள்ளித் தட்டில் கொட்டியதும் தட்டு முழுவதும் நெளிந்தது. தலைப்பிரட்டை, நத்தை, கெண்டைக் குஞ்சு, மல்லாந்து நீந்தும் பூச்சி, தண்ணீருக்குள் வளரும் தட்டான் குஞ்சு. கூடவே சில கொசுப்புழுக்கள்.

"மழைக்காலத்துல ஒரு கொக்கு வந்து மீனையெல்லாம் தின்னுட்டுப் போயிடுச்சி டீச்சர். இந்தக் குஞ்சுங்க அப்புறம் வந்தது. கொசு ரொம்பும்னு நெனைச்சோம். ரொம்பலை" என்றாள் தனம்.

"ஏன் ரொம்பலை?"

"அதை நாங்களே கண்டுபுடிக்கணும்னு மத்மசேல் சொன்னாங்க. அதுக்குள்ள படுத்துட்டாங்க."

அங்கிருந்து தொடங்கினேன். அந்துவான் அண்ணனின் சமையலறையிலிருந்து மூன்று பெரிய கண்ணாடிச் சீசாக்கள் வாங்கிவந்தேன். மூன்றிலும் குட்டைத் தண்ணீர், கொசுப்புழு. முதலாவதில் வேறொன்றும் இல்லை. இரண்டாவதில் மீன் மட்டும். மூன்றாவதில் மீன், தட்டான் குஞ்சு, மல்லாந்து நீந்தும் பூச்சி, நத்தை, பாசி எல்லாம். அடுத்த நாள் வந்து பார்த்தபோது முதலாவதில் புழு அப்படியே நெளிந்தது; இரண்டாவது சீசாவில் மீன் செத்து மிதந்தது. பாசி இல்லாத தண்ணீரில் அதனால் மூச்சு விட முடியவில்லை. மிச்சமிருந்த புழுக்கள் அதைச் சுற்றிக் கும்மாளம் போட்டன. மூன்றாவதில் நானே மீனை எடுத்துவிட்டேன். ஆனாலும் அங்கே புழு குறைந்துகொண்டே வந்தது. தட்டான் குஞ்சு ஒரு பக்கம், பூச்சி ஒரு பக்கம் என்று வேட்டை நடந்தது.

பெண்கள் சீசாவைச் சுற்றி மண்டியிட்டுப் பார்த்தார்கள். தனம்தான் முதலில் சொன்னாள். "மில்லுல ஒருத்தர் லீவு போட்டா பக்கத்து ஆளு ரெண்டு தறி பாத்துக்குவாரு. எங்கப்பா சொல்லுவாரு. அது மாதிரிதானே டீச்சர்?"

"அது மாதிரிதான். எல்லா வேலைக்கும் ஒரே ஆள் இருந்தா?"

"அவரு வுழுந்தா மில்லு நின்னுடும்."

பல வகை உயிர்கள் கூடி வாழும் இடம் ஏன் சுலபத்தில் குலைவதில்லை என்று நான் திருச்சியில் கரும்பலகை நிறைய எழுதிப் போடுவேன். இத்தனை சுருக்கமாக எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை. சாயங்காலம் எஸ்தேலிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அது கோவிந்தசாமி பொண்ணு. அவருக்கு மில்லு வேலை போயிடுச்சி. பொண்ணு மட்டும் இன்னும் மில்லுக் கணக்குலயே பேசுது" என்றாள்.

அந்த வார இறுதியில் அண்ணன் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு முதியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சில் ஏதோ சண்டை போல் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். அண்ணன் காதில் மெதுவாகச் சொன்னார்: "கொடியை மாத்துனாங்க, சாக்கடையை மாத்தலைன்னு ஒருத்தர் சொல்றாரு. உங்க ஆளுங்க இருந்தப்போ மட்டும் பன்னீரா ஓடுச்சின்னு மத்தவரு கேக்கறாரு." இருவரும் பேச்சினூடே மாறிமாறிக் கணுக்காலில் கொசுவை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது மண்ணெண்ணெய் போல ஒரு வாடை வந்தது. பெண்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் முதுகில் தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு குட்டையின் கரையில் நின்று தெளித்துக்கொண்டிருந்தார். பாதிக் குட்டை ஏற்கெனவே பளபளத்தது. வெறும் எண்ணெய் இல்லை, அதில் மருந்தும் கலந்திருந்தது. கெண்டைக் குஞ்சுகள் துள்ளித் துள்ளிக் கரையில் வந்து விழுந்தன.

"நிறுத்துங்க! யார் உங்களைத் தெளிக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். கோபப்படவில்லை. "ஆர்டரு டீச்சர். ஊர்ல நிக்கிற தண்ணி எல்லாத்துக்கும் ஊத்தணும். யானைக்கால் வருதில்ல."

"அந்தக் கொசு பெரிய வாய்க்கால்ல வளருது. இங்க இல்லை. இங்க அதைத் தின்னறதுக்கு ஆளு இருக்கு."

"வாய்க்காலுக்கும் ஊத்தறோம்" என்றார். பிறகு வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். இடது கால் கணுக்காலிலிருந்து தூண் போல வீங்கி, தோல் வெடித்திருந்தது. "நான் படிச்சவன் இல்ல. இது எங்கேருந்து வந்திச்சோ, அதைக் கொல்றேன்னு சொன்னாங்க. டப்பாவைத் தூக்கிக்கினேன்."

எனக்குப் பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தனம். மற்ற பெண்கள் அவளை விட்டு விலகி நின்றார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனிதர்தான் கோவிந்தசாமி.

கடற்கரையைப் பார்த்த நகராட்சிக் கட்டடத்தை அந்த ஊரில் மேரி என்கிறார்கள். மத்தியானமே அங்கே போனேன். அங்கிருந்தவர் என்னை மதாம் என்று மரியாதையாக உட்காரவைத்தார், காப்பி வரவழைத்தார், நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா குட்டைக்கு ஒரு சட்டம், வாய்க்காலுக்கு ஒரு சட்டம்னு என்னால போட முடியாது. புழு இருந்தா ஊத்தணும், இல்லைன்னா வேணாம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்சது" என்றார். எங்கள் ஊர் ஆபீஸ்களில் காப்பி தரமாட்டார்கள், பதில் மட்டும் இதே பதில்தான்.

அன்று சாயங்காலம் எஸ்தேல் வழக்கம்போல, "இன்னைக்கு என்னா பாத்தீங்க?" என்று கேட்டாள். தட்டான் குஞ்சு தோலுரித்தது என்றேன். அடுத்த நாள் புதிதாக ஒரு நத்தை வகை என்றேன். அதற்கடுத்த நாள் தனம் என்னோடு வீட்டுக்கு வந்தாள். வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தனியாக வீட்டுக்குப் போகவும் அவளுக்கு மனமில்லை. கட்டிலருகே நின்றவள் நான் தடுப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"குட்டை செத்துப்போச்சி மத்மசேல். எங்கப்பாதான் மருந்து ஊத்துனாரு."

எஸ்தேல் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"உங்கப்பாவுக்குக் கால் எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

"வலிக்குதுங்கறாரு. ராவுல காய்ச்சல் வருது."

"அந்த வேலையை மேரில சொல்லி வாங்கிக் குடுத்ததே நான்தான் தனம். தெரியுமா? மில்லு மூடி ஒங்க வீட்ல அடுப்பு எரியாம கெடந்துச்சி. நான் போய்க் கெஞ்சினேன். அப்போ குட்டை என் ஞாபகத்துல வரலை." மூச்சு வாங்கியது. அண்ணன் தண்ணீர் கொடுத்தார். "உங்கப்பா மேல கோபப்பட்டா என் மேலயும் கோபப்படணும். பிள்ளைங்ககிட்ட போய்ச் சொல்லு."

தனம் போன பிறகு எஸ்தேல் என்னிடம் திரும்பினாள். "நீ ஒண்ணும் பொய் சொல்லத் தெரிஞ்சவ இல்லடி. நத்தை வகைன்னு சொல்லும்போதே தெரிஞ்சிச்சி. பெப்ரவரில எங்கேருந்து வரும் புது நத்தை?"

"உன்னைக் கஷ்டப்படுத்த வேணாம்னு..."

"எனக்குக் கஷ்டம் வயித்துல இருக்குது. குட்டையில பாடம் இருக்குது. அதைத் தொடாதே. மொதல்ல என்னா திரும்பி வருதுன்னு பிள்ளைங்க பாக்கட்டும். அப்புறம் என்னா செய்யணுமோ அவங்களே சொல்லுவாங்க."

அதற்கப்புறம் தினமும் பார்த்தோம். முதலில் ஒன்றுமே இல்லை. தவளைச் சத்தம் நின்றுபோன தோட்டத்தில் எங்கள் குரல் எங்களுக்கே உரக்கக் கேட்டது. அல்லி இலைகள் பழுத்து மடிந்தன. எண்ணெய்ப் படலம் கிழிந்து விலக ஆரம்பித்த பிறகு ஒருநாள் சல்லடையைப் போட்டோம். தட்டில் கொசுப்புழு மட்டும். கடுகு கொட்டியதுபோல. எதைக் கொல்வதற்காக ஊற்றினார்களோ அதுவே முதலில் திரும்பியிருந்தது. அதைத் தின்றவை எதுவும் திரும்பவில்லை. கொசுவுக்கு வளர ஒரு வாரம் போதும், தட்டானுக்கு மாதக்கணக்கில் வேண்டும் என்று விளக்கினேன். விளக்கத் தேவையே இல்லை. பெண்களின் கைகளெல்லாம் தடித்திருந்தன.

"லாஸ்பேட்டைல எங்க அத்தை வூட்டாண்ட ஒரு கொளம் இருக்குது" என்றாள் தனம். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை நாளில் அவள் வகுப்பில் பேசியது அன்றுதான். "அங்கேருந்து கொண்டாந்து வுட்டா?"

பக்கத்தில் உட்கார மறுத்திருந்த பெண்ணே, "பானை எங்க வீட்ல இருக்குடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒற்றை மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் போனோம். முந்திரித் தோப்பும் செம்மண்ணுமான மேடு. குளத்தில் இறங்கிப் பெண்கள் பாவாடை நனைய நனைய அள்ளினார்கள். அடிச் சேறு ஒரு பானை, பாசி ஒரு பானை, மீன் ஒரு பானை, பூச்சிகளும் தட்டான் குஞ்சும் தனித்தனியாக. தனத்தின் அத்தை எல்லோருக்கும் கம்பங்கூழும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். எனக்கு மட்டும் மோர் மிளகாய். திரும்பும் வழியில் வண்டிச் சக்கரத்தின் கடையாணி கழன்று வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு பானை உடைந்தது. செம்மண் சாலையில் தலைப்பிரட்டைகள் துடிக்க, பெண்கள் உள்ளங்கையில் பொறுக்கிப் பொறுக்கி மிச்சப் பானைகளில் போட்டார்கள். வண்டிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் கல்யாண வீட்டு சாமானெல்லாம் ஏத்தியிருக்கேன். இப்படி ஒரு சாமானை ஏத்துனதில்ல" என்றார்.

பழைய புடவைகளைக் குட்டையின் மேல் விரித்து இழுத்து, இருந்த எண்ணெயை ஒற்றியெடுத்தோம். பிறகு கொண்டுவந்தவற்றை விட்டோம். சில செத்தன. பல பிழைத்தன. புழு நாளுக்கு நாள் குறைந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் எஸ்தேலிடம் உண்மையான செய்தியோடு போனேன். அவள் கேட்கும் நேரம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. சாமியார் வந்து கடைசி ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அவளுக்கென்று தினமும் வடவம் தாளித்த மீன் குழம்பு வைத்தார். வாசனையை மட்டும் முகர்ந்துவிட்டு, "நல்லாருக்குது" என்பாள்.

மாசி மகத்தன்று காலையில் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. "லாஸ்பேட்டைத் தட்டான் வெளியே வந்துச்சான்னு பாத்துட்டு வா" என்றாள். பள்ளி விடுமுறை. தோட்டத்தில் நான் மட்டும்தான். நாணல் தண்டு ஒன்றில் காய்ந்த கூடு ஒட்டியிருந்தது. அதன் மேலேயே புதுத் தட்டான் ஒன்று இறக்கையை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தது. பறக்கிற வரைக்கும் நின்று பார்த்தேன். பார்க்காமல் திரும்பினால் எஸ்தேல் திட்டுவாள்.

ரிக்‌ஷாவில் ஏறினேன். வழியெல்லாம் ஜனம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சாமிகளைத் தூக்கிக்கொண்டு கடலாடப் போகிறார்கள். மேளமும் கொட்டும் குடைகளுமாக ஒரு சாமி போனதும் அடுத்த சாமி. ரிக்‌ஷாக்காரர் சந்து சந்தாகத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு சந்தின் முனையிலும் ஒரு சாமி நின்றது. "சாமியை ஓரம்போன்னு சொல்ல முடியுமாம்மா?" என்றார். இறங்கி நடந்தேன். கூட்டத்தில் ஒரு செருப்பு போனது. மற்றதையும் விட்டுவிட்டு நடந்தேன்.

வாசலில் அந்துவான் அண்ணன் நின்றிருந்தார். கையில் கரண்டி.

"இப்பத்தான் தங்கச்சி" என்றார். "நீ வந்துட்டியான்னு கேட்டா. தோ வந்துடுவான்னேன்."

உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடு இன்னும் போகவில்லை. தட்டான் வந்துவிட்டது என்று சொன்னேன். வெளியே கொட்டுச் சத்தம் வெகுநேரம் ஓயவில்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்ததுபோல் இருந்தது. பழைய மாணவிகள், சொல்தாக்கள், மில் குடும்பங்கள். கோவிந்தசாமி அந்தக் காலை இழுத்துக்கொண்டு கல்லறைவரை நடந்தே வந்தார். யார் சொல்லியும் வண்டியில் ஏறவில்லை.

என் விடுப்பு முடிய ஓரிரு நாள் இருந்தது. கடைசி வகுப்பு. நான் பேச ஆரம்பிப்பதற்குள் தோட்டத்தில் ஆள் சத்தம் கேட்டது. டப்பாவோடு கோவிந்தசாமியும், அவரோடு குடை பிடித்த ஒரு இன்ஸ்பெக்டரும். அடுத்த முறை ஊற்றும் நாள் வந்துவிட்டது. நான் முழுக் கதையையும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். இளைஞர். பொறுமையாகக் கேட்டார். "சரிங்க. குட்டையில புழு இல்லைன்னா நாங்க திரும்பிப் போயிடறோம். இருக்கா, இல்லையா?" என்று பெண்களைப் பார்த்துக் கேட்டார்.

தனம் சல்லடையைப் போட்டு அள்ளித் தட்டில் கொட்டினாள். தட்டெல்லாம் உயிர். தேடித்தான் பார்க்க வேண்டும், ஆனால் இரண்டு மூன்று கொசுப்புழுவும் இருந்தது. பக்கத்துப் பெண் அவள் இடுப்பைக் கிள்ளுவதைக் கண்டேன். என் நெஞ்சும் அதைத்தான் சொன்னது: இல்லை என்று சொல்லேன், பெண்ணே.

"இருக்குது சார். கொஞ்சம் இருக்குது" என்றாள் தனம். "அது சுத்தமா இல்லன்னா இதுங்க எதைத் திங்கும்? இதுங்க செத்துட்டா அப்புறம் அதுதான் ரொம்பும். போன தடவை அப்படித்தான் ஆச்சி சார்."

இன்ஸ்பெக்டர் தட்டையே சிறிது நேரம் பார்த்தார். "நீ சொல்றது புரியுதும்மா. ஆனா இருக்குதுன்னு நீயே சொல்லிட்டியே" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். கோவிந்தசாமிக்குத் தலையசைத்துவிட்டு மாமரத்து நிழலில் போய் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

கோவிந்தசாமி குழாயைக் கையில் எடுத்தார். மகளைப் பார்த்தார். பிறகு டப்பாவைக் கீழே இறக்கி, குழாயைக் கழற்றி உதறினார். "அடைச்சிக்கினு இருக்குது சார். கொஞ்சம் நேரம் ஆவும்" என்று உரக்கச் சொன்னார். கீழே உட்கார்ந்து, அந்தக் காலை நீட்டிக்கொண்டு, குழாயை ஊதத் தொடங்கினார். அதில் அடைப்பே இல்லை.

தனத்துக்கு முதலில் விளங்கியது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். மற்றவர்களும் இறங்கினார்கள். சல்லடை, தட்டு, சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர்க் கூஜா, வகுப்பறைச் சீசாக்கள். அள்ளும் சத்தம் மட்டும். நானும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். சிகரெட் முடிந்தும் இன்ஸ்பெக்டர் திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொன்றைப் பற்றவைத்தார்.

கடைசியில் கோவிந்தசாமி எழுந்தார். "போதும் பாப்பா. ஏறு" என்றார். நாங்கள் ஏறினோம். அவர் ஊற்றினார்.

கரையில் நின்று பெண்கள், "எங்க வைக்கறது டீச்சர்?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தனம், "ஒரே எடத்துல வைக்க வேணாம். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கினு போவலாம்" என்றாள். அவரவர் வீட்டுக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஏன் உண்மையைச் சொன்னாய் என்று தனத்திடம் நான் கேட்கவில்லை. எஸ்தேல் வளர்த்த பெண் வேறெதைச் சொல்லும்?

மிச்சமிருந்த ஒரு தூக்கை நான் எடுத்துவந்தேன். அந்துவான் அண்ணன் முற்றத்தில் துணி துவைக்கும் கல்தொட்டியைக் காலிசெய்து கொடுத்தார். பாசியைப் போட்டு, மீனையும் தட்டான் குஞ்சுகளையும் விட்டோம். அடக்கத்துக்குப் பிறகு அவர் அடுப்பு மூட்டவே இல்லை. எனக்கு அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு அனுப்பினார்கள். தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி அவர் வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுங்க என்னா திங்கும் தங்கச்சி?" என்றார் சமையல்காரராக.

"கொசுப்புழு அண்ணா."

"அதுக்கு நான் எங்க போவேன்?"

"எங்கயும் போக வேண்டாம். தொட்டியை மூடாம வைங்க. அதுவா வரும்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் தொட்டி விளிம்பிலேயே தலையைக் கவிழ்த்து அழுதார். நான் பக்கத்தில் நின்றேன். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இருவரும் அசையவில்லை.